வண்டியோடு வந்த டயர்

"நாலையும் கழட்டிடுங்கண்ணே" என்றார் தாவீது.

புதுப்பட்டினத்தில் டயர் கடை வைத்திருக்கும் சுப்புராமன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த ஜெபமாலை கண்ணாடியில் தொங்கியது. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"இன்னாத்துக்கு சார்? எல்லாம் புத்தம் புதுசா கீதே."

"புதுசுதான், ஆனா குப்பை. ஈரத்துல நிக்க மாட்டேங்குது. ஓடும்போது ஊளையிடுது. வண்டியோட சேத்துக் குடுக்கறவன் நல்லதையா குடுப்பான்?"

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த தாவீதின் மனைவி மார்கரெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடவே போய்வரும் அவள் காதுக்கு ஒரு ஊளையும் கேட்டதில்லை.

உண்மையில் டயர் மாற்ற வேண்டிய வண்டி எதிரே நின்றிருந்தது. அவள் தம்பி ஜெரோமின் டாக்ஸி. அதே வண்டி, அதே அளவு சக்கரம். டயர்தான் நாலும் மொட்டை. போன வார மழையில் பூஞ்சேரி கூட்ரோட்டில் பிரேக் பிடித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் லாரிக்கு அடியில். அதைக் கேட்டதிலிருந்து தம்பி சவாரி போனால் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

டயர் மாற்றச் சொல்லிப் பணம் கொடுத்துப் பார்த்தாள். அவன் அதை அவள் வீட்டு ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். "தாய்மாமன்தான் அக்கா வூட்டுக்குச் செய்யணும். அக்கா வூட்லேர்ந்து வாங்கினு போனா ஊரு காறித் துப்பும்க்கா." அவள் மகள் சிநேகா வயசுக்கு வந்தபோது ஒரு தட்டு குறையாமல் சீர் கொண்டுவந்து நிறுத்தியவன். அவனிடம் அதற்குமேல் பேச முடியாது.

புருஷனிடம் சொல்லி அழுதாள். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "உம்" என்றார். மறுநாளே தன் வண்டி டயரைக் குறைசொல்ல ஆரம்பித்துவிட்டார். போதாக்குறைக்கு, யோசனை கேட்க ஜெரோமையே கடைக்குக் கூப்பிட்டிருந்தது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியதுபோல இருந்தது.

ஜெரோம் குந்தி உட்கார்ந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"மாமா, இது நல்ல டயரு. வருஷக்கணக்கா ஓடும். இத்தப் போயி மாத்துறேன்றீங்களே."

"எனக்குப் புடிக்கல மச்சான்."

"புடிக்கறதுக்கு இன்னா மாமா கீது, பொண்ணா பாக்க வந்திருக்கீங்க?"

தாவீது அதைக் காதில் வாங்காமல் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பழசுக்கு இன்னா தருவீங்க?"

சுப்புராமன் தலையைச் சொறிந்துவிட்டு ஒரு விலை சொன்னார். நாலு டயருக்கும் சேர்த்து ஒரு கிலோ வஞ்சிரம் மீன் வாங்கலாம்.

ஜெரோம் எழுந்துவிட்டான். "அண்ணாத்த, இது அடுக்குமா? இன்னும் மண்ணுகூட ஒட்டல."

"கழட்டுனா பழசுதான்பா. இஷ்டம்னா குடுங்க, இல்லாட்டி எடுத்துனு போங்க."

"போவட்டும், நீங்களே வெச்சிக்குங்க" என்றார் தாவீது. "வூட்ல போட்டா தண்ணி தேங்கிக் கொசுதான் வரும்."

நல்ல டயர் அந்த விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஜெரோமால் முடியவில்லை. சக்கரத்தை நம்பிப் பிழைப்பவன். "இருங்க மாமா. அவரு சொன்னதுக்கு மேலயே நான் தரேன். எனக்குக் குடுத்துடுங்க."

"உனக்கு எதுக்குடா இந்தக் குப்பை?" தாவீது முகத்தைச் சுளித்தார். "அப்புறம் ஊளையிடுதுன்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

ஜெரோம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தாவீது எச்சில் தொட்டு எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்குமேல் மார்கரெட்டால் அங்கே இருக்க முடியவில்லை. கதவை அறைந்து சாத்திவிட்டு மார்க்கெட் பக்கம் நடந்தாள். வாங்க ஒன்றுமில்லை. கண்ணில் பட்ட கீரையை வாங்கிக்கொண்டு சுற்றினாள். அவள் தம்பியிடமே கை நீட்டிக் காசு வாங்குகிற மனுஷனுக்கா இத்தனை வருஷம் பொங்கிப் போட்டோம் என்று நெஞ்சு கொதித்தது.

திரும்பி வந்தபோது டாக்ஸி இல்லை. அதிலிருந்து கழற்றிய மொட்டை டயர்கள் ஓரமாகக் கிடந்தன. தாவீதின் வண்டிக்கும் வேலை முடிந்து ஜாக்கியிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

"தம்பி எங்க?"

"அவனுக்கு மொதல்ல மாட்டியாச்சு. ஏர்போர்ட் சவாரி வந்துச்சு, போயிட்டான். நம்ம டயர அப்புறந்தான் உள்ளேர்ந்து எடுத்தாங்க."

தம்பி நல்ல டயரில் போகிறான் என்ற நிம்மதி இருந்தது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. "கொஞ்சமாச்சும் வெக்கம் இருந்தா அந்தக் காச அவங்கிட்டயே திருப்பிக் குடுங்க."

"குடுத்தா வாங்க மாட்டான்."

சுப்புராமன் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்குள் போனார். வண்டியில் ஏறப்போன மார்கரெட்டின் கண் பின்சக்கரத்தில் பட்டது. குனிந்து எழுத்தைப் படித்தாள். முன்சக்கரத்துக்குப் போய்ப் படித்தாள். மறுபக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தாவீது குப்பை என்று திட்டிய அதே கம்பெனி, அதே பெயர், அதே டயர்.

தாவீது ஜெரோம் கொடுத்த காசை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கெழம வஞ்சிரம் வாங்கிடு, உன் தம்பிய சாப்பிடக் கூப்ட்ருக்கேன். அவன் வர்றதுக்குள்ள வண்டிய கவர் போட்டு மூட மட்டும் ஞாபகப்படுத்து."