ஆளுக்கு ஒன்று

கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஈயத் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன. மேலிருந்து விழுந்த ஒரு சொட்டில் அதே எண்ணிக்கையில் அயோடைடு துகள்கள் வந்து சேர்ந்ததும், "ஆளுக்கு ஒண்ணு. பயமில்லடி" என்று அக்கா ஈயம் தங்கையைத் தேற்றினாள்.

ஆனால் மஞ்சள் பொடியாகி அடியில் படிய, ஒரு ஈயத்துக்கு இரண்டு அயோடைடு வேண்டும். மற்ற ஈயங்களில் சிலர் ஆளுக்கு இரண்டு அயோடைடைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இல்லாதவர்கள் மிதந்தார்கள். குவளையைச் சாய்க்கும்போது மிதப்பதெல்லாம் தண்ணீரோடு சாக்கடைக்குத்தான் போகும்.

அக்காவிடம் ஒன்று இருந்தது. தங்கையிடமும் ஒன்று.

"பங்கு சரியாத்தானே இருக்கு, ஏன் இறங்க முடியல?" என்றாள் தங்கை.

"சரியா இருக்கே, அதுதான்டி வினை. கையை நீட்டு." அக்கா தன் அயோடைடை அவள் கையில் வைத்தாள்.

தங்கை மஞ்சளாய் மினுங்கியபடி இறங்கினாள். "நீ எப்ப வருவே?"

"அடுத்த சொட்டு விழட்டும்" என்றாள் அக்கா.

குவளை அதற்குள் சாயத் தொடங்கியிருந்தது.