குறி தவறும் துப்பாக்கி

ஸ்ரீகாந்த் இலக்குத் தாளை மேசையில் விரித்துப் போட்டான். ஐந்து ஓட்டைகளும் இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்தன. நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்துக்கோங்க அங்கிள். இதுக்குப் பேர் ரிவால்வராம். காயலான் கடைக்காரன்கூட வாங்க மாட்டான்."

துப்பாக்கி சுடும் கிளப்பின் தலைவர் இந்திரகுமார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். பயிற்றுநர் தர்சினி வேண்டுமென்றே தனக்குப் பழுதான ரிவால்வரைக் கொடுக்கிறாள், அவளை நீக்க வேண்டும் என்பது ஸ்ரீகாந்தின் புகார். நீக்கிய பிறகு அந்த இடத்துக்கு யார் பொருத்தமான ஆள் என்பதையும் அவனே அடக்கத்தோடு சொல்லியிருந்தான்.

தர்சினி கைகட்டி நின்றாள். வார நாட்களில் மெரிலேண்ட்ஸில் பல் வைத்தியர், ஞாயிறுகளில் இங்கே பயிற்றுநர். துப்பாக்கியைக் கண்டாலே நடுங்கிய பெண்களைச் சேர்த்து அவள் நடத்தும் வகுப்பு, இந்தப் பதவி போனால் அதோடு போய்விடும்.

"இது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு வெடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால பின்னுக்கு இழுக்கோணும். இழுத்தாப் பிறகு விசை வலு இலேசு, நல்லாக் குறி வைக்கலாம். அவசரப்படுற ஆக்களுக்குத்தான் சரிவராது" என்றாள்.

"யாரு, நான் அவசரப்படுறேனா? ஆபீஸ்ல ஒரு டீமையே கட்டி மேய்க்கிறவன் நான்." ஸ்ரீகாந்த் மூக்கைச் சுளித்தான். "ஆறு ஓட்டை வச்சுட்டு அஞ்சு குண்டுதான் போடணுமாம். கேட்டா பாதுகாப்பாம். குதிரை மேல போனவன் காலத்துச் சாமான். இதுல குறி வேற பாக்கணுமா?"

துப்பாக்கியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எல்லாம் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி யூடியூபில் படித்தது.

"பிள்ளை, நீர் என்ன சொல்லுறீர்?" என்று இந்திரகுமார் கேட்டார்.

"துவக்கில பிழையில்லை அங்கிள். உங்கட கண்ணுக்கு முன்னால இன்னொருக்காச் சுடட்டும். துவக்குத்தான் பிழை எண்டா நானே விலகிறன்."

ஸ்ரீகாந்தின் வாய் காதுவரை போனது. "கேட்டுக்கிட்டீங்கல்ல அங்கிள்? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

மூவரும் சுடுமிடத்துக்குப் போனார்கள். ஸ்ரீகாந்த் ரிவால்வரைத் தொடவில்லை.

"நீங்களே லோடு பண்ணுங்க மேடம். அப்புறம் நான் தப்பாப் போட்டேன்னு ஒரு கதை சொல்வீங்க."

"ஓம், நானே போடுறன்."

தர்சினி சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மேசையில் தோட்டாப் பெட்டி மூடியபடியே கிடந்தது. ஸ்ரீகாந்த் அதற்குள் தன் போனை இந்திரகுமாரிடம் கொடுத்து, வலப்பக்கமாக நின்று தன்னைப் படம் பிடிக்கச் சொன்னான். அந்தப் பக்கம் தன் முகம் எடுப்பாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"ஒலிபெருக்கியில சொன்ன உடனே ஒரு வெடி. எல்லாரும் ஒண்டாத்தான் சுடுவினம்" என்றாள் தர்சினி.

"தெரியும். சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லாதீங்க."

எல்லோரும் காதுகளைக் காதுறையால் மூடிக்கொண்டார்கள். அடுத்த மேசையில் ஒரு தடியன் பெரிய மேக்னம் துப்பாக்கியோடு நின்றான். ஸ்ரீகாந்த் காலை அகட்டி, சுத்தியலை இழுத்து, சினிமா போஸ்டருக்கு நிற்பது போல் நின்றான்.

ஒலிபெருக்கி சொன்னது. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்ததில் தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்ரீகாந்தின் கண்கள் இறுக மூடின, தோள் முன்னால் பாய்ந்தது, குழலின் முனை இடப்பக்கமாகக் கீழே குத்தியது.

எல்லோரும் துப்பாக்கிகளைக் கீழே வைத்ததும் அவன் ஓடிப்போய்த் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். திரும்பியபோது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பேப்பர்லயே விழல அங்கிள். அன்னிக்காவது மூலையில விழுந்துச்சு, இன்னிக்கு அதுவும் இல்ல." மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். "என்ன உதை உதைக்குது தெரியுமா? எலும்பே விட்டுப்போச்சு. வீடியோவைப் போட்டுப் பாருங்க, அதுபாட்டுக்குக் கீழ இழுக்குது. நானா இழுத்தேன்?"

இந்திரகுமார் படத்தை ஓடவிட்டுப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"ஓம் பிள்ளை, கீழதான் இழுக்குது. வடிவாத் தெரியுது. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அங்கிள். அவங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை கிளாஸை நான் பாத்துக்கறேன். முதல்ல இந்தக் குப்பையெல்லாம் ஒழிச்சுக் கட்டணும். அப்புறம் இங்க வந்து பொழுது போக்குற லேடீஸையும் கொஞ்சம் வடிகட்டணும்."

தன் வகுப்புப் பெண்களைப் பற்றி அவன் அப்படிச் சொன்னதுதான் தர்சினிக்குப் பொறுக்கவில்லை. அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. அவள் ரிவால்வரை எடுத்து, உள்ளே போட்ட ஐந்தையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி இந்திரகுமாரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், பிறகு ஸ்ரீகாந்தைப் பார்த்தார்.

"என்ன மேடம், ராஜினாமாவா?" என்றான் ஸ்ரீகாந்த், மணிக்கட்டை விடாமல் தேய்த்தபடி.

"எல்லாம் பொம்மைத் தோட்டா. துவக்கு வெடிக்கவே இல்லை, ஸ்ரீகாந்த்."