கொதிகலனுக்குள் நல்ல வெளிச்சம்

ஐந்தாவது விளக்கையும் அணைத்துவிட்டு, கொதிகலனில் ஆள் நுழையும் வட்டத் துளை வழியாகத் தலையை நீட்டிய ஜெய்சங்கர், இதுவும் சரிப்படாது என்று கையசைத்தார்.

திருவெறும்பூர்ப் பட்டறையைப் பதினெட்டு ஆண்டுகள் ஒரே ஒரு கைவிளக்கை வைத்து ஓட்டிய முதலாளி அவர். தொழிலாளிகளின் கண்கள்மீது இந்த வாரம்தான் அவருக்குக் கருணை பிறந்திருந்தது.

பிறந்தது திங்கட்கிழமை. முசிறி அரிசி ஆலைக்குப் போகவேண்டிய அந்தக் கொதிகலனுக்குள் படுத்தபடி, கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்த வெல்டர் தைரியராஜ், இணைப்பின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோட்டைப் பார்த்தார்.

"கிராக்கு மாதிரி இருக்குங்க சார். வெட்டி எடுத்துட்டு மறுபடி வெல்டு வச்சிருவோம். எங்க அக்கா செல்லக்கிளி அந்த மில்லுலதான் நெல்லு அவிக்குது."

வெட்டிப் பற்றவைக்கப் பத்து நாளாகும். கொதிகலனோ சனிக்கிழமை லாரி ஏறியாக வேண்டும். ஜெய்சங்கர் கோபப்படவில்லை. பெரிய மனிதர்கள் தொழிலாளியிடம் கோபிப்பதில்லை. அவன் கண்ணைக் குறை சொல்வதோடு விட்டுவிடுவார்கள்.

"கிராக்குமில்ல, ஒண்ணுமில்ல. உனக்கு வெளிச்சம் பத்தலய்யா. வெள்ளிக்கிழமை பாய்லர் இன்ஸ்பெக்டர் மேடம் வர்றதுக்குள்ள நல்ல லைட்டா வாங்கிப் போடுறேன், பாரு."

சொன்ன சொல் தவறவில்லை. சிங்காரத்தோப்புக் கடைகளில் ஏறி இறங்கி ஆறு விளக்குகள் வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும், நெற்றியில் ஸ்ரீரங்கத்துக் குங்குமம் கலையாமல், ஒவ்வொரு விளக்காக எடுத்துக்கொண்டு தாமே உள்ளே நுழைந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கூட அத்தனை குறை கண்டிருக்க மாட்டார்.

தலையில் மாட்டும் விளக்கில், திரும்பிய பக்கமெல்லாம் அந்தக் கோட்டின் நிழல் திரும்பியது. கொக்கியில் தொங்கும் விளக்கு ஆடியது. நிழலும் கூடவே ஆடியது. பேனா டார்ச்சோ மிக அற்பமான பொருள். சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் பெரிதாக்கிக் காட்டியது.

ஆறாவதாக வந்தது, சார்ஜ் ஏற்றி எரிக்கும் ஃபோகஸ் லைட். பரீட்சை அட்டை அளவு இருந்தது. காந்தத்தால் தகட்டில் ஒட்டிக்கொண்டு, இணைப்புக்கு நேர் எதிரே நின்று, சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாகக் கொட்டியது.

ஜெய்சங்கர் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து, வெகுநேரம் அதை ரசித்தார். பிறகு தைரியராஜை உள்ளே அனுப்பினார்.

"கண்ணு கூசுதுங்க சார். ஒண்ணுமே தெரியல."

"அதான்யா நல்ல லைட்டு!"

குகைக்கு விளக்கு வாங்கிய சிங்கத்தைப் பற்றி எந்த நீதிக்கதையும் இல்லை. வாங்கியிருந்தால், எலும்புகளைக் காட்டாத விளக்காகத்தான் தேடியிருக்கும்.

மூன்று மணி நேரம் எரியும் என்று விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருந்தது. அதில் பெரும்பகுதியை முதலாளியே ரசித்துத் தீர்த்திருந்தார்.

"மேடம் வர்ற வரைக்கும் இதைச் சார்ஜ்ல சொருகி வை" என்று சொல்லிவிட்டுச் சிற்றுண்டிக்குப் புறப்பட்டார். தைரியராஜ் சொன்னதைச் செய்தார்.

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் சுராயா வந்தபோது, விளக்கு மறுபடியும் தன் இடத்தில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. சுராயாவின் கையிலிருந்த பழைய டார்ச்சைக் கண்டு ஜெய்சங்கர் மிகவும் வருந்தினார்.

"இதெல்லாம் எதுக்குங்க மேடம்? உள்ள பட்டப்பகல் மாதிரி வச்சிருக்கேன்." அதைப் பணிவோடு வாங்கி, தைரியராஜின் கையில் கொடுத்தார்.

சுராயா துளைக்குள் இறங்கினார். உள்ளிருந்து வெளிச்சம் வழிந்து, வாசலில் நின்ற இருவரின் முகத்திலும் அடித்தது.

ஐந்து நிமிடம் கழிந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றது உள்ளேயிருந்து குரல். ஜெய்சங்கர் கையெழுத்துப் படிவத்தை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

வெளிச்சம் மங்கியது. இருமுறை சிமிட்டியது. அணைந்துபோனது.

"இந்தாங்க மேடம்." தைரியராஜின் கை உடனே துளைக்குள் நீண்டது. அதில் பழைய டார்ச் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. "தகட்டோட ஒட்டிச் சாய்ச்சுப் பிடிங்க."

உள்ளே டார்ச் வெளிச்சம் தகட்டோரமாக மெதுவாக நகர்ந்தது.

பிறகு, இரும்பின்மேல் சாக்பீஸ் இழுபடும் ஓசை கேட்டது. ஒரு முழ நீளத்துக்கு அது நிதானமாக இழுபட்டது.

ஜெய்சங்கர் தம் அறைக்கு ஓடினார். சார்ஜர், அவர் சொன்னபடியே, சுவரில் ஒழுங்காகச் சொருகப்பட்டிருந்தது.

சுவிட்சைப் போடும்படி அவர் சொல்லியிருக்கவில்லை.