மைனாவின் மூக்குப் பாட்டு

குளத்துத் தவளை பெரிய பாடகர். நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுவார். கரை மரத்தில் இருக்கும் மைனா அதை அப்படியே பாடிக் காட்டும். குளமே விழுந்து விழுந்து சிரிக்கும். "பொறாமை பிடிச்ச பய!" என்று தவளை திட்டுவார்.

முதல் மழையன்று கச்சேரி. நல்ல கூட்டம். முதல் சரணம் முடிந்ததும் அடுத்த வரி அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. மானம் போகப்போகிறது. முன்வரிசையில் இருந்த நண்டைப் பார்த்தார். பல வருஷ ரசிகர். அவர், "ஆஹா, அருமை!" என்று தலையாட்டினார். அவருக்கு அது மட்டும்தான் தெரியும்.

அப்போது மரத்திலிருந்து மூக்கால் ஒரு குரல் அந்த வரியை எடுத்துக் கொடுத்தது, அதே இழுப்போடு. கூட்டம் சிரித்தது. தவளை டக்கென்று பிடித்துக்கொண்டு பாடி முடித்தார்.

முடிந்ததும் நேராக மரத்தடிக்குப் போனார்.

"எத்தனை சரணம்டா தெரியும் உனக்கு?"

"ஏழும் தெரியும்ணே. தெரியாம எப்படிக் கிண்டல் பண்றது?"



"அஞ்சாவதுல நான் இன்னும் மோசமா இழுப்பேன். அதை ஏன்டா விட்டுட்ட?" என்றார் தவளை.