ஓரத்துப் புள்ளி

வெள்ளைப் பலகையில் விழுந்த படத்தில் அவள் தன் புள்ளியைப் பார்க்கவில்லை. அவனுடையதைத்தான் பார்த்தாள்.

பம்ப் கம்பெனியில் யார் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று அளந்து, அவளே கணினியில் போட்ட படம். ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. 'சிக்கல் வந்தால் யாரிடம் போவீர்கள்?' என்று எல்லோரையும் கேட்டிருந்தார்கள். மூன்று பெயர் சொல்லலாம். சொன்ன பெயரை நோக்கி ஓர் அம்பு.

எந்தப் புள்ளி யார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அவள் புள்ளிதான் பெரியது. ஊர்ப்பட்ட அம்புகள்.

ஸ்டோர்ஸ் நந்தகோபனுடையது ஓரத்தில் கிடந்தது. அதைத் தேடி ஓர் அம்பும் வரவில்லை. ஸ்டோர்ஸுக்குப் போகிறவர்கள் சாமானைப் பார்ப்பார்கள். ஆளை யார் பார்த்தார்கள்?

அவள் பார்த்திருந்தாள்.

பேனா எழுதவில்லை என்று போவாள். நன்றாக எழுதுகிற பேனாவோடு போவாள். அவன் ஒன்றும் கேட்காமல் புதுசு எடுத்துத் தருவான். அவள் மேசை இழுப்பறை முழுக்கப் பேனாக்கள்.

ஆனாலும் அவன் பெயரை அவள் சொல்லவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுப்பானேன்? கேன்டீன் அக்கா, அவர் இவர் என்று யாரையோ சொல்லிவைத்தாள்.

அவன் ஒரே ஒரு பெயர்தான் சொல்லியிருந்தான். அந்த அம்பு நேராக அவளிடம் வந்திருந்தது. நேற்று அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, அந்த மூலைல ஒண்டியா நிக்கறது யாரு?" என்றார் மேலாளர். "ஒசூர் கிளைக்கு ஆள் கேக்கறாங்க. இங்க யாரும் தேடாத ஆளை அனுப்பிச்சுடலாம்."

அவளுக்குப் பகீரென்றது. மனதை ஒளிக்கப்போய், அவனை யாருமற்றவனாக ஆக்கியிருந்தாள்.

எழுந்தாள். மார்க்கரை எடுத்தாள்.

பெரிய புள்ளியிலிருந்து மூலை வரை ஒரு கோடு. கோணலாகத்தான் வந்தது. முனையில் அம்பு போட்டாள்.

"ஸ்டோர்ஸ் நந்தகோபனுங்க சார். என்னோடது ஒண்ணு விட்டுப்போச்சு."

யாரோ இருமினார்கள்.

கூட்டம் முடிந்து ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். புள்ளிகள் போயின. கணினி போட்ட அம்புகளும் போயின.

பலகையில் அவள் கோடு மட்டும் இருந்தது.

துடைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் தொடவில்லை.

ஸ்டோர்ஸ் பக்கம் நடந்தாள். கையில் பேனா இல்லை.