சத்தம் போடாத பெட்டி

"சத்தம் வரப்படாது நானா. மத்ததெல்லாம் ரெண்டாவது."

மிஹ்லார் மூன்றாவது தடவையாக இதைச் சொன்னான். கல்முனை பிரதான வீதியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் அஸர் தொழுகைக்குப் பிறகு அவனைத் தவிர வேறு ஆள் இல்லை. அண்ணன் முறையில் அவன் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் ஜவுபர் ஒரு சின்னக் கேசிங்கைத் தூக்கி மேசையில் வைத்தார். இரண்டு பிஸ்கட் டின்களை ஒட்டி வைத்த அளவுதான் இருந்தது.

"கேம் விளையாடுற மெசின் முழுக்க இதுக்குள்ள அடங்குமா?"

"ஓம், அடங்கும். ஆனா சின்னப் பெட்டிக்குள்ள சூடு கூட. சாதாரண ஃபேன் போட்டா பேய் மாதிரிக் கத்தும். தண்ணிக் கூலர் போட்டா அந்தக் கரைச்சல் இல்ல. தண்ணி சூட்ட எடுத்து இந்த ரேடியேட்டருக்குக் கொண்டு வரும். ரெண்டு ஃபேன் ஆறுதலாச் சுத்தி அத ஆத்தி விடும்."

"தண்ணி ஓடுற சத்தம் கேக்காதா?"

"காத வெச்சிக் கேட்டாத்தான் கேக்கும்."

"காத வெச்சிக் கேக்கிற ஆள்தான் நானா அங்கால இரிக்காரு!"

"ஆரு, பொண்டாட்டியா?"

"அப்னாவுக்குத் தெரியும். மாமாவுக்குத்தான் தெரியப்படாது."

கல்யாணம் முடிந்து மூன்று மாதம். ஊர் வழக்கப்படி மிஹ்லார் பெண் வீட்டுக்குக் குடிபோயிருந்தான். அவனுடைய அறைக்கும் மாமாவின் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவரின் காது மாமா முகைதீன்பாவா சேருடையது. முப்பது வருடம் பாடசாலை அதிபராக இருந்தவர். அவர் செருமினால் மூன்று வகுப்புகள் அடங்கும். ஜவுபரின் உள்ளங்கைக்கும் அவருடைய பிரம்பை நன்றாகத் தெரியும்.

மிஹ்லார் மாமாவின் பெயரைச் சொன்னதும் ஜவுபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சேர் இப்ப என்ன செய்யிறாரு?"

"ஊர் வரலாறு எழுதுறாரு. ராவைக்கு இஷா தொழுதிட்டு வந்து கதவப் பூட்டினா, டக்குடக்கெண்டு கீபோர்ட் சத்தம்தான். சில நேரம் மேசையில ஓங்கி அடிக்கிறதும் கேக்கும். வருசம் கிருசம் பிழைச்சிருக்கும் போல, பாவம்."

"நீங்க?"

"நான் இஞ்சால லெப்டொப்ல விளையாடுறன். அது நெல்லுக் குத்துற மெசின் மாதிரி இரையுது. அத மறைக்க சீலிங் ஃபேன அஞ்சில போடுறன். அப்னாவுக்குத் தும்மலும் தடிமனும் மாறுதே இல்ல."

"வங்கியில வேலை பாக்கிற மனுசன் நீங்க. சொல்லிப்போட்டு விளையாடுங்களன்."

"ஏலாது நானா. கல்யாணம் பேசின அண்டு மாமா என்னத் தனியாக் கூப்பிட்டாரு. தொழில் கேக்கல்ல, சம்பளம் கேக்கல்ல. 'கேம் விளையாடுற பழக்கம் இரிக்கா தம்பி?' எண்டுதான் கேட்டாரு. 'சீச்சீ, அதெல்லாம் இல்ல மாமா' எண்டுட்டன். இப்பப் புடிபட்டா என்ட முகத்த எங்க கொண்டு போய் வெக்கிற? பொய்க்காரனுக்கு மகளக் குடுத்திட்டமே எண்டு நினைக்கமாட்டாரா?"

அவன் குரலில் உண்மையான பயம் இருந்தது. ஜவுபர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மிஹ்லார் அலுமாரியில் இருந்த ஒரு வெள்ளைக் கூலரைக் காட்டினான்.

"அதத் தாங்களன்."

"அது ஒருத்தர் சொல்லி வெச்சது. ஒங்களுக்கு இந்தக் கறுப்புத்தான் சரி. ரேடியேட்டர் மெல்லிசு, இந்தப் பெட்டிக்கு அளவு. கலர் லைட் போடுவமா?"

"வேணாம், வேணாம். கதவுக்குக் கீழால வெளிச்சம் தெரியும்."

"யூபிஎஸ்?"

"கரண்ட் போனாக் கத்துமே!"

"கத்துறதக் கழட்டித் தாறன். பெட்டிய அந்தச் சுவரோட மட்டும் ஒட்டி வெக்காதீங்க. ஒரு சாண் தள்ளி வைங்க. மாசத்துக்கு ஒருக்காத் தூசி தட்டுங்க, கடல் காத்து ரேடியேட்டரத் திண்டுரும்."

சின்னப் பெட்டிக்குப் பொருந்துகிற பவர் சப்ளை, மதர்போர்ட், கட்டையான கிராஃபிக்ஸ் கார்ட் என்று ஒவ்வொன்றாகத் தெரிவாகின. நாளை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டித் தருவதாகப் பேச்சு. பால்மாப் பெட்டிக்குள் வைத்துத் தர வேண்டும் என்று மிஹ்லார் கேட்டுக்கொண்டான். ஜவுபர் அதற்கும் ஓம் என்றார்.

மிஹ்லாரின் மோட்டார் சைக்கிள் போய் அரை மணித்தியாலம் இருக்கும். வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக ஒருவர் கடைக்குள் நுழைந்து, வீதியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜவுபர் எழுந்து நின்றார்.

"என்ட கூலர் வந்திட்டா ஜவுபர்? சத்தம் வராதே?"

"வராது சேர். காத வெச்சிக் கேட்டாத்தான்."

ஜவுபர் அலுமாரியிலிருந்து வெள்ளைக் கூலரை எடுத்துக் கொடுத்தார். முகைதீன்பாவா சேர் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றினார்.

"நல்லம். வரலாறு எழுதுறன் எண்டுதான் வீட்டில சொல்லி வெச்சிரிக்கன். பழைய ஃபேன் கத்துற கத்தில, மருமகன் கண்டுபுடிச்சிருவாரோ எண்டு ஒரே பயம்."

"அவரையும் சேத்து விளையாடுங்களன் சேர்."

சேர் பொதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"அந்த ஆசையிலதான், கல்யாணம் பேசின அண்டே தனியாக் கூப்பிட்டுக் கேட்டன். சீச்சீ எண்டுட்டாரு."