அண்ணனுக்கு ஒரு ஏற்பாடு

ஒருவரின் காலத்துக்குப் பின் அவர் பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்துவரும் ஈப்போ டிரஸ்ட் நிறுவனத்தில் இப்படி நூறு குடும்பங்களைப் பார்த்தவள் மெய் ஃபோங். போனில் கியோங் ஹுவாட் என்ற பெரியவர் பேசப் பேச, நடுநடுவே "ஐயோ பாவம்" சொல்லிக்கொண்டே படிவத்தை நிரப்பினாள்.

"எனக்கப்புறம் அண்ணன் கதி என்னன்னு நெனைச்சா தூக்கமே வரல மிஸ். சோறாக்கத் தெரியாது. மாத்திரையைக்கூட நான்தான் எடுத்துக் குடுக்கணும்."

"உங்க சேமிப்பை மொத்தமா குடுக்கலாமா அங்கிள்?"

"ஐயையோ! சாயங்காலத்துக்குள்ள காலி. மாசாமாசம் கொஞ்சமா குடுங்க."

"பொறந்ததுலேருந்தே இப்படியா?"

"ஆமா. டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"வீட்ல மாற்றுத்திறனாளி கார்டு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. நாளைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்."

மறுநாள் கதவைத் திறந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மெய் ஃபோங் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து இழுத்துக் கேட்டாள்: "உங்க... தம்பி... எங்கே?"

"தம்பி நான்தான் மிஸ். நேத்து பேசினது நான்தான். கார்டும் என்னுதுதான்."

"அப்போ... அண்ணன்?"

கொழுகொழுவென்று ஒருவர் செருப்பை உதறிவிட்டு மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து கையை நீட்டினார்.

"டேய் தம்பி, முக்குல ரெண்டு கார் மோதிக்கிச்சு! இருபது வெள்ளி குடு, ரெண்டு கார் நம்பரையும் லாட்டரியில எடுக்கணும்!"

ஹுவாட் பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, மெய் ஃபோங் பக்கம் திரும்பினார்.

"இதாவது பரவால்ல. என்னை இந்த நாற்காலியில உக்கார வச்ச லாரியோட நம்பரையே, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஓடிப்போய் லாட்டரியில எடுத்துட்டு வந்தவரு மிஸ்!"